நேற்றைய அருவிக்கு இன்றைக்கு வந்த வேன்

கண்ணால் காட்ட முடியாத சரக்கைத் தென்காசியில் விற்க முயன்ற யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், வாருங்கள், சேர்ந்து அழலாம். பிளாக் எழுதுகிறவர்களின் தளங்களை சர்வரில் ஏற்றி, பழுது பார்த்து, பாதுகாத்துக் கொடுப்பது என் தொழில். ‘நீங்கள் எழுதினால் போதும், மற்ற எல்லாப் பொறுப்பும் எங்களுடையது’ என்று நோட்டீஸ் அடித்தேன். மூன்று பேர் வந்தார்கள். குற்றாலச் சாரல் சீசன் முடிவதற்குள் அதில் ஒருவர் கழன்றாலும் கடையை மூடிவிட்டுப் பழைய சென்னை வேலைக்கே திரும்ப வேண்டும் என்பது மனைவியின் தீர்ப்பு. எனக்கோ சென்னை என்றாலே ஆகாது.

சோதனை போட வந்தவர்

முதல் வாடிக்கையாளர் கீழப்பாவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். பணிக்கால அனுபவங்களை எழுதுகிறார். தன் எழுத்து பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். அறையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், ஒரு ஃபேன். சர்வர் எங்கே என்றார். மும்பையில் என்றேன். மேஜைக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, பழைய விசாரணைக் குரலில் கேட்டார்:

“பொருளு மும்பைல இருக்குன்னா, நீ இங்கன எதுக்குலே உக்காந்திருக்க?”

பேக்கப்

சுரண்டையில் சமையல் குறிப்பு எழுதும் டீச்சருக்கு பேக்கப் என்றால் என்னவென்று அரை மணி நேரம் விளக்கினேன். தினமும் தளத்தை ஒரு நகல் எடுத்து வைப்பேன், கோளாறு வந்தால் நேற்று இருந்தபடியே திரும்பக் கொண்டுவந்துவிடுவேன் என்றேன்.

“நேத்து வச்ச மீன்கொழம்பை இன்னைக்குச் சூடு பண்ணுத மாதிரின்னு சொல்லுங்க சார், இதுக்கா இவ்வளவு நேரம்?”

இன்றைய நிலவரம்

மூன்றாமவர் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி. தினமும் காலையில் அருவிகளைப் பார்த்துவிட்டு ‘இன்றைய நிலவரம்’ என்று பிளாக்கில் நாலு வரி எழுதுவார். அதைப் படித்துவிட்டுத்தான் சுற்றுவட்டாரமே வண்டி ஏறும். ஒருநாள் ‘ஐந்தருவியில் வெள்ளம், குளிக்கத் தடை’ என்று போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் தளம் படுத்துவிட்டது. நான் பதறவே இல்லை. முந்தைய நாள் நகலை ஏற்றினேன், தளம் எழுந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

இப்போது முகப்பில் நின்றது முந்தைய நாள் நிலவரம்: ‘தண்ணீர் தாராளம், கூட்டம் இல்லை, உடனே கிளம்பி வரவும்.’ அதை நம்பித் திருவேங்கடம் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வழியிலேயே தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து, போலீஸ் கட்டிய கயிற்றுக்கு முன்னால் நின்றார்கள். அங்கிருந்து நேராக லாட்ஜுக்குச் சண்டைக்குப் போனார்கள். அண்ணாச்சி என்னை போனில் கூப்பிட்டார். போச்சு, சென்னைதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை. என் நோட்டீஸை ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டிவிட்டு, வேனை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பதினாறு பேர். மாடித் தொட்டி இரண்டு முறை காலியானது. மனைவி பீரோவில் இருந்த கல்யாணத் துண்டுவரை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் அண்ணாச்சியின் போன் மறுபடி வந்தது.

“எல்லாரும் திருப்தியாப் போயிட்டாவ வே. அடுத்த வருசமும் சைட்ட நீரே பாரும். மாடித் தொட்டிய மட்டும் கொஞ்சம் பெருசாக் கெட்டிரும்.”

ஆகவே, சக பாவிகளே, ‘எல்லாப் பொறுப்பும் எங்களுடையது’ என்று அச்சடிக்கும் முன் வீட்டில் எத்தனை துண்டு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.