கலேக்குக் கொண்டுபோன றோல்ஸ்

தொண்ணூறுகளில் லண்டன் வெம்பிளியில் இருந்து சனிக்கிழமைகளில் பிரான்சின் கலேக்குக் கோச் பஸ் போகும். விடியப் புறப்பட்டு, டோவரில் கப்பல் ஏறி, அக்கரையில் சில மணி நேரம் நின்றுவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். எங்கள் ஆண்களுக்கு அது மலிவு விலைப் பியருக்கான யாத்திரை. பிரான்சில் அவர்கள் கண்டதெல்லாம் ஒரு பெரிய கடையும் அதன் கார் நிறுத்துமிடமும்தான். என் கணவர் அந்த யாத்திரையை ஒருமுறையும் தவறவிட்டதில்லை. நான் போனது ஒரே ஒருமுறை, என் தங்கையைப் பார்க்க.

தங்கை பாரிசில் இருந்தாள். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்ததால் அவளால் பிரான்சை விட்டு வெளியேற முடியாது. எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. பாரிஸ் வரை அலைய உடம்பு இடம் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிரிந்த பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டதேயில்லை. கலேயில் ஒரு பகல் சந்திப்போம் என்று தொலைபேசியில் பேசி நாள் குறித்தோம்.

நாள் குறித்த பிறகு, ஊரில் எங்களைப் பெற்ற ஐயா செத்துப்போனார்.

கொழும்பில் இருந்து சித்தப்பா அழைத்துச் சொன்னார். காய்ச்சலாம், ஊரில் மருந்து இல்லையாம். அடுத்த வசனமே, "சின்னவளுக்கு மூச்சுக் காட்டாத. பிள்ளை பிறக்கட்டும்" என்றார். தங்கைக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இதுவும் போனால் அவளைப் பிறகு மனுசியாகப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். சாவை மறைப்பதில் எங்கள் சனம் மகா கெட்டிக்காரர். போரைத் தடுக்க முடியாதவர்கள் செய்தியையாவது தடுத்துப் பார்க்கிறார்கள்.

கலேக்குப் போகாமல் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். அதனால் போக வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை எங்கள் வீட்டில் மீனோ இறைச்சியோ இல்லை. ஆனால் தங்கையைப் பார்க்க நான் மரக்கறிச் சாப்பாட்டோடு போய் நின்றால், முதல் கேள்வியே "ஆர் செத்தது?" என்பதாகத்தான் இருக்கும். அவளுக்கு உயிரான, ஆட்டிறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் றோல்ஸைச் செய்தேன். உப்புப் பார்க்கவும் வழியில்லை. சாவுத் துடக்கு வீட்டில் இறைச்சி மணக்க மணக்க நின்று பொரித்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கலே ஸ்டேஷனில் அவள் வயிற்றைத் தாங்கியபடி இறங்கினாள். முகம் சிறுத்து, வயிறு மட்டும் பெரிதாக இருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். அழுகை வந்துவிடும் என்று நான்தான் முதலில் கையை எடுத்தேன்.

கடற்கரையில் போட்டிருந்த மர வாங்கில் குந்தினோம். குளிர்காற்று மணலை வாரி அடித்தது. அவளும் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள், ஆட்டிறைச்சிப் பொரியல்.

"சாப்பிடு பிள்ளை, உனக்கெண்டுதான் செய்தனான்."

"வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு அக்கா. நீங்கள் சாப்பிடுங்கோ."

"எனக்கு எண்ணெய்ச் சாமான் வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்."

இரண்டு டப்பாவும் நடுவில் திறந்தபடி இருந்தன. மாஸ்கோவில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனின் அறையில் அடைபட்டுக் கிடக்கும் தம்பியைப் பற்றிப் பேசினோம். பிள்ளைக்கு வைக்கப்போகும் பெயரைப் பற்றிப் பேசினோம். கடலைப் பார்த்தபடி, "ஊரில எல்லாரும் சுகமாமோ?" என்று கேட்டாள். "ஓம், சுகமாம்" என்றேன். இவ்வளவு லேசாகப் பொய் வருகிறதே என்று நினைத்தேன். பகல் இப்படியே போனது.

பின்னேரம் இருவருக்கும் பசி தாங்கவில்லை. சொன்ன சாக்குப்போக்கை மறந்து உருளைக்கிழங்குப் பொரியல் விற்கும் வண்டிக்குப் போனோம். தங்கை கடைக்காரியோடு பிரெஞ்சில் ஏதோ பேசினாள், தலையை ஆட்டினாள், வெறுங்கையோடு திரும்பினாள்.

"வேண்டாம் அக்கா. மீனும் அதே எண்ணெயிலதான் பொரிக்கினமாம்."

மீன் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காதவள் அவள். வயிறு சரியில்லாதவள் எந்த எண்ணெய் என்று விசாரிக்க மாட்டாள், துடக்குக் காக்கிறவள்தான் விசாரிப்பாள்.

"உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்ப உங்களுக்கும் தெரியுமோ?"

பாரிசில் கறிச்சாமான் வாங்கப்போன இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் துக்கம் விசாரித்திருக்கிறார். "நீங்கள் ஒப்பரேஷன் செய்த உடம்பு. அதாலதான் நான் வாய் திறக்கேல்லை" என்றாள். அந்த இறைச்சியை அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பொரித்திருக்கிறாள்.

வண்டிக்குப் பக்கத்திலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதிலும் முழுதாக அழவில்லை. "பிள்ளைக்கு ஆகாது, அழாத" என்று நான் அவளை அடக்கினேன். "காயம் நோகும் அக்கா" என்று அவள் என்னை அடக்கினாள். ஐயாவின் பிள்ளைகள் சேர்ந்திருந்து அழ உலகத்தில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல்தான். அதை நாங்கள் இறைச்சி டப்பாக்களுக்குக் காவல் இருந்து கழித்துவிட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் றோல்ஸை எல்லாம் குப்பைத்தொட்டியில் கொட்டினேன்.

கோச் நிற்குமிடத்திற்கு அவளும் கூட வந்தாள். என் கணவரும் மற்றவர்களும் பியர்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கை மூக்கைச் சீறித் துடைத்தாள்.

"தம்பிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. சித்தப்பா சொல்லேல்லையாம்."

"அவன் அங்க தனிய இருக்கிறான். இப்ப சொல்ல வேண்டாம் அக்கா."

"ஓம்," என்றேன். "முதல்ல ஒரு இடத்துக்குப் போய்ச் சேரட்டும்."