பவுடருக்கு அடியில் இருந்த நீலம்

சிங்கப்பூர் தேக்காவில் குழந்தை மருத்துவராக என் காலத்தைக் கழித்தவள் நான். கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாத நர்ஸ் இல்லை. இதைப் படித்துவிட்டு அவர்களே நியாயம் சொல்லட்டும்.

தோ பாயோவிலிருந்து சுமதி என்ற பெண் நான்கு மாதப் பெண்குழந்தையோடு வந்தாள். கூடவே அவள் நாத்தனார். குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தினமும் கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டி, முகத்தில் வெள்ளையாகப் பவுடர் அப்பியிருந்தார்கள்.

"பொறந்தப்ப நல்ல கலரு டாக்டர். இப்ப கறுத்துக்கிட்டே வருது. இவ வீட்டுப் பக்கம் அப்படித்தான் லா," என்றார் நாத்தனார்.

சுமதி மெதுவாகச் சொன்னாள்: "பால் குடிக்கிறப்ப பாதியில நிறுத்திடுறா டாக்டர். வேர்த்துக் கொட்டுது. அழுதா இன்னும் கறுத்துடுறா. வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்ல சொன்னேன். இண்டியன் பேபி, நார்மல்னுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரத் துணியால் பவுடரைத் துடைத்துவிட்டு வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. ஸ்டெத்தை வைத்தால் நெஞ்சில் மர்மர், இதயத்தில் இருக்கக் கூடாத இரைச்சல். காலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டினேன். எழுபத்தெட்டு. தொண்ணூற்றைந்துக்குக் குறையவே கூடாது.

அதற்குள் குழந்தை வீறிட்டு அழுது, நீலம் பாரித்துத் துவண்டது. நுரையீரலுக்கு ரத்தம் போகட்டும் என்று அவள் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடித்து ஆக்சிஜன் கொடுத்தேன். நர்ஸ் ஆம்புலன்சை அழைத்தாள்.

"கலருக்கு எதுக்கு டாக்டர் ஆம்புலன்சு?" என்றார் நாத்தனார்.

"கலர் இல்லம்மா, ஹார்ட்டு. இன்னும் கொஞ்ச நாள் மாவு தேச்சிருந்தீங்கன்னா புள்ள போயிருக்கும்," என்று கத்திவிட்டேன். கத்தியதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்கோ ஸ்கேனில் தெரிந்தது, ஃபேலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறு. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுக்கம். பிறந்தபோது அந்த வழி ஓரளவு திறந்திருந்ததால் அப்போது செய்த முதல் சோதனையில் பிடிபடாமல் தப்பிவிட்டது. பிறகு மாதத்துக்கு மாதம் அது குறுக, ஆக்சிஜன் இல்லாத ரத்தம் ஓட்டை வழியே உடம்புக்குப் போய் நீலம் ஏறியிருக்கிறது. அதைத்தான் அந்த வீட்டில் அம்மா வழி நிறம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அறுவை சிகிச்சையில் குழந்தை பிழைத்தாள். மறுபடி வந்தபோது நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். "எங்க வீட்டுக் கலர் வந்துருச்சு, பாத்தீங்களா டாக்டர்?"

நான் வாயைத் திறக்குமுன் சுமதி சொன்னாள்: "கலர் இல்ல அண்ணி. மூச்சு வந்துருக்கு."

இளம் டாக்டர்களே, நம் பிள்ளைகளின் நீலத்தைத் தோலில் தேடாதீர்கள். நாக்கையும் ஈறையும் பாருங்கள். குழந்தை கறுக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், எப்போது கறுக்கிறது என்று கேளுங்கள். நார்மல் என்று நீங்கள் அனுப்பிவிடும் எல்லாக் குழந்தைகளும் இன்னொரு டாக்டரிடம் உயிரோடு போய்ச் சேர்வதில்லை.