தர்சினி கேட்ட அரை நிமிடம்

பென்டில் ஹில் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. தர்சினி இறந்துவிட்டாள். மூளையில் இரத்தக் கசிவு, முப்பத்தாறு வயது. காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவளோடு வேலை செய்தவர்களுக்கு அவளுடைய தொல்லை நினைவிருக்கும். அவள் ஒலிப்பதிவாளர். எங்கே படம் எடுத்தாலும் முடிவில் எல்லோரையும் அரை நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவுசெய்வாள். நான் ஒவ்வொரு முறையும் இருமிக் கெடுப்பேன். "அரை நிமிசம் வாய் பொத்த ஏலாதோ உமக்கு? எழுத்தாளராம்!" என்பாள்.

சீனப் புத்தாண்டு பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு நான் பின்னணி உரை எழுதினேன். மெரிலேண்ட்ஸில் ஒரு வீடு, புத்தாண்டுக்கு முந்தைய மாலை விருந்து. முழு மீன், காசு வைத்த சிவப்பு உறைகள், சிரிக்கும் பிள்ளைகள். "குடும்பம் முழுவதும் கூடிவிட்டது" என்று எழுதினேன். பொய். வீட்டுக்காரர் லியு உணவகச் சமையல்காரர். ஊரார் கொண்டாடுவதற்காக அந்நேரம் உணவக அடுப்படியில் நின்றார். மேசையில் அவருக்கும் ஒரு கிண்ணம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தர்சினிக்குக் கேட்டது. அவளுடைய அரை நிமிடத்தில், லியுவின் மனைவி அந்தக் கிண்ணத்தில் சோறு வைக்கும் கரண்டிச் சத்தம் விழுந்திருந்தது.

படத்துக்கு ஒலி சேர்க்கும்போது, அந்த உணவக வாசலில் சிங்க நடனம் ஆடும் காட்சியில் மேளத்தை எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தை வைத்தாள். சிங்கம் குதிக்கிறது, ஜனம் கைதட்டுகிறது. கேட்பது ஒரு கரண்டி. என் வரியையும் வெட்டிவிட்டாள்.

"என்னம்மா, ஆடியோ போயிடுச்சா?" என்றார் தயாரிப்பாளர்.

"இல்லை. அவர் வீட்டில இல்லை. அதின்ர சத்தம்தான் இது."

ஒளிபரப்பில் மேளம் திரும்பி வந்தது, என் பொய்யும் வந்தது. பல்கலாச்சாரம் பேசுகிறவர்களுக்குச் சிங்கம் போதும், சமையல்காரன் வேண்டாம் என்று இன்று கோபமாக எழுதுகிறேன். அன்று அடுத்த வேலை கிடைக்கவேண்டுமே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அவள் தான் கரண்டிச் சத்தம் வைத்த படத்தை மடிக்கணினியில் கொண்டுபோய் லியுவுக்குக் காட்டினாள். நானும் கூட இருந்தேன். முடிந்ததும் அவர் திரும்பப் போடச் சொன்னார்.

இறுதிச் சடங்கில் புல்லாங்குழல் இசை ஓயாமல் ஓடியது. நிறுத்தச் சொன்னேன்.

"மண்டபம் வெறிச்செண்டு இருக்குமே, தம்பி" என்றார் அவள் மாமா.

"இருக்கட்டும் அங்கிள்."

லியு வீட்டில் எடுத்த அந்த ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. முதலில் அவள் குரல்: "ஒருத்தரும் கதைக்காதேங்கோ." பிறகு கரண்டி. மைக்குக்குப் பக்கத்தில் அவள் மூச்சு. கடைசியில் என் இருமல். உடனே அவள்:

"சரி, திரும்பவும் ஒருக்கா."