குப்புறக் கிடந்த பன்னிரண்டு நாட்களும் ஒரு ஸ்கிரிப்டும்

என் கணவர் பஸ் ஓட்டுபவர். போன வருடம் அவருடைய இடது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. ஒப்பரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்த டொக்டர், "பன்னிரண்டு நாளைக்கு முகம் கீழ பார்த்தபடிதான் இருக்கோணும். அப்பத்தான் ஒட்டும்" என்றார்.

கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில், நெற்றியைத் தலையணையில் தாங்கியபடி குப்புறக் கிடந்தார். வீட்டில் சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர். பாட்டுக் கேட்டால் சமாளிப்பேன் என்றார். ஆனால் போனைப் பார்க்காமல் பாட்டு மாற்ற அவருக்கு வரவில்லை. நானோ பக்கத்து அறையில் ஒன்லைனில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன்.

"புள்ள, இஞ்ச ஒருக்கா வந்திட்டுப் போ. விளம்பரம் கத்துது" என்று என்னைக் கூப்பிடுவார்.

ஒரே வகுப்பில் ஐந்து தடவை எழும்பினேன். கோபம் வந்தது, கோபப்பட்டதை நினைத்து அழுகையும் வந்தது. கண் ஒட்டாவிட்டால் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாதே என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பழைய லப்டொப்பை எடுத்தேன். வழக்கமான பாட்டு மென்பொருளைத் திறந்தாலே அது அசையாமல் நின்றுவிடும். டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் மட்டும் ஒழுங்காகப் பாடியது. அதனால் அந்தக் கட்டளைகளை வரிசையாகக் கோத்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். சேமித்து வைத்த பாட்டுகள் ஒவ்வொன்றாகப் பாட வேண்டும். ஐந்தை அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும். ஆறு அடுத்த பாட்டு, நான்கு முந்தின பாட்டு. லப்டொப்பில் தனிக் கீபோர்ட் ஒன்றை மாட்டினேன். அதன் வலப்பக்க எண் கட்டைகளில் ஐந்தின் மேல் சின்னப் புடைப்பு இருக்கும். விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். அவர் கைக்கெட்டும் ஸ்டூலில் கீபோர்ட்டை வைத்தேன்.

முதல் பாட்டு பாடியது. இரண்டாவதும் அதே பாட்டு. மூன்றாவதும் அதுவே.

"உன்ட கம்பியூட்டருக்கு ஒரு பாட்டுத்தான் தெரியுமா புள்ள?"

திரையில் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற வரி நிறையக் கிடந்தது. பெயரில் இடைவெளி உள்ள பாட்டுகளை ஸ்கிரிப்ட் துண்டு துண்டாக வாசித்து, எதையும் காணாமல் தாண்டிப் போயிருந்தது. ஒரே சொல்லில் பெயர் வைத்திருந்த ஒரு பாட்டு மட்டும் தப்பி, சுற்றிச் சுற்றி வந்தது. பெயரின் இரு பக்கமும் மேற்கோள் குறி போட மறந்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சலிக்காமல் சொல்லிக்கொடுக்கும் விஷயம்! வெட்கத்துடன் இரண்டு குறிகளைப் போட்டேன். அடுத்து வேறு பாட்டு வந்தது.

அன்று பின்னேர வகுப்பில் அவர் என்னை ஒருதடவையும் கூப்பிடவில்லை. அதுவே பயமாகி, பாதியில் எழும்பிப் போய்ப் பார்த்தேன். கால்விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வகுப்பு முடிஞ்சிட்டா?"

"இல்ல. சும்மா பார்க்க வந்தன்."

"நீ போ புள்ள. நான் பார்த்துக்கொள்றன்."

மூன்று நாட்களாக என் தோள்களை இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அவை தளர்ந்தபோதுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

"நல்லா ஒட்டியிருக்கு. இனி நிமிர்ந்து இருங்க. குமிழி கரைஞ்ச பிறகு பார்வையைச் சோதிச்சு, பஸ் ஓட்டுறதைப் பற்றிக் கதைப்பம்."

திரும்பும் வழியில் ஓட்டோ வாவிக்கு மேலான பாலத்தில் ஏறியபோது அவர் தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தார்.

"எனக்கு ரெண்டு வாவி தெரியுது புள்ள. ஒண்டு வெளியில. மற்றது இந்தக் குமிழியோட கண்ணுக்குள்ள ஆடுது."

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மேசையில் நிமிர்ந்து இருந்து, மீன் குழம்போடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நானும் எதிரே இருந்து, எவராவது கூப்பிடுவார்களோ என்று காது கொடுக்காமல், ஆறுதலாகச் சாப்பிட்டேன்.