காரமில்லாத மிளகு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம் எனக்குக் கடும் காய்ச்சல் வந்துபோனது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. ரசம் கொதிக்கும், ஆவி முகத்தில் படும், ஆனால் அது வெறும் வெந்நீர் ஆவி போலத்தான் இருக்கும். மிளகை இடித்தால் தும்மல் வரும், மணம் வராது. மலை எதிரிலேயே நின்றது, ரோட்டில் பஸ் போயிற்று, எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

நான் பூ கட்டுகிறவள். என் வீட்டுக்காரர் தேரடி வீதியில் பூக்கடை வைத்திருந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இருந்த எங்கள் வீட்டில் நான் கட்டும் சரமும் மாலையும் அங்கே போகும். பூ கட்டுகிறவளுக்கு வாசனை தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு முகூர்த்த நாளில் அது வெளியே வந்தது. மண்ணெண்ணெய் டின் கசிந்து, பூ கொட்டியிருந்த சாக்கின் அடியில் இறங்கியிருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மல்லி முழுவதையும் கட்டி முடித்திருந்தேன். கூடையைத் தூக்க வந்த என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

“இன்னாம்மா இது, மல்லியில மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது? உனக்குத் தெரியல?”

“தெரியலைங்க. காய்ச்சல் விட்டதுல இருந்து எதுவுமே தெரியலைங்க.”

அவர் கோபப்படவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனார். தானாக வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

எங்கள் மாடி அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா வாடகைக்கு இருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வாசனை எண்ணெய் தடவிக் கைகால் பிடித்துவிடுகிற வேலை பார்த்தவர். மலை சுற்றிவிட்டுக் கால் வலியோடு வருகிறவர்களுக்கு இங்கேயும் தடவிவிடுவார். கிண்ணம் நிறைய நல்லெண்ணெய் ஊற்றி அதில் சில சொட்டு மிளகு எண்ணெய் விடுவார். தடவினால் கெண்டைக்காலில் மெல்லச் சூடு பரவும், பிடிப்பு விடும் என்பார்கள். தமிழைப் புத்தகம் பார்த்துக் கற்றவர், பேச்சும் புத்தகம் போலவே இருக்கும்.

விஷயம் கேள்விப்பட்டு ஒரு காலையில் இறங்கி வந்தார். கையில் அந்த மிளகு எண்ணெய் இருந்த பழுப்புக் கண்ணாடிக் குப்பி. காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு என் மூக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“இது மருந்து இல்லை அம்மா. உனக்குத் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. மணத்தைத் தேடாதே. மிளகு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். போதும்.”

தும்மல்கூட வரவில்லை. “இதுல காரமே இல்லியேம்மா?” என்றேன்.

“இது மிளகை ஆவியில் காய்ச்சி வடித்த எண்ணெய். காரம் ஆவியில் ஏறாது. மணம் மட்டும்தான் ஏறும்,” என்றார். குப்பியை என்னிடமே விட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கிணற்றடிக்கல்லில் உட்கார்ந்து, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு முகர்வேன். கண்ணை மூடிக்கொள்வேன். மிளகை நினைக்கப் போனால் வேறு என்னென்னவோ வரும். எங்கள் ஊர் ஏரிக்கரை, அம்மா வீட்டுப் பொங்கலில் முழுசாகக் கிடக்கும் மிளகு, கோயில் மதில் நிழலில் காலடியின் குளிர்ச்சி. கண்ணைத் திறந்தால் மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது.

காரமில்லை என்று நான் சொன்னதை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஒரு மத்தியானம், நின்று நின்று வலித்த முழங்காலில் குப்பியைச் சாய்த்து, எதுவும் கலக்காமல் அப்படியே தேய்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தோல் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. “ஐயோ, எரியுதே!” என்று தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். எரிச்சல் அடங்கவில்லை. சத்தம் கேட்டு அந்த அம்மா ஓடி வந்தார்.

“தண்ணீரில் இது போகாது! தேங்காய் எண்ணெய் கொண்டு வா!”

தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவித் துணியால் துடைத்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்.

“மிளகுதானேம்மா, தினம் சாப்பிடறதுதானே?” என்றார் இவர் பரிதாபமாக.

“எத்தனை மிளகைக் காய்ச்சினால் இந்தக் குப்பி நிறையும், யோசித்துப் பாருங்கள். நல்லெண்ணெய் கலக்காமல் தோலில் படக்கூடாது. வாயில் விடக்கூடாது, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போகக்கூடாது. கலந்தாலும் முதலில் முழங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். திறந்து நாளான எண்ணெய் இன்னும் மோசம்.”

இவர் பள்ளிக்கூடப் பையன் போலத் தலையாட்டினார். சிவப்பு மறைய இரண்டு நாளாயிற்று.

கோடை மழை பெய்த மறுநாள் காலை அது நடந்தது. வழக்கம்போலக் காகிதத்தை முகர்ந்தேன். எங்கோ தூரத்தில், நனைந்த விறகைப் பிளந்தால் வருமே, அதுபோல ஏதோ மெல்லிசாக வந்தது. ஒரு மூச்சு இருந்தது, போய்விட்டது. மறுபடி முகர்ந்தேன், இல்லை. பொய்யாக இருக்குமோ என்று பயந்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி வந்தது. நான் அழுவதைப் பார்த்து அந்த அம்மா மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். “எண்ணெயா, காலமா, எனக்குத் தெரியாது,” என்றார். ஆனால் அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மற்ற வாசனைகள் ஒவ்வொன்றாக, வரிசை தவறி வந்தன. காப்பி பல நாளைக்குக் கருகின ரப்பர் போல நாறியது. சாமந்தி சீக்கிரம் வந்தது, மல்லி ரொம்பத் தாமதம். ஒருநாள் சரம் கட்டிக்கொண்டிருக்கையில் மடியிலிருந்து அது எழுந்தபோது, கட்டுவதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். அந்த அம்மா முதல் காரியமாகக் குப்பியை வாங்கிக்கொண்டார். “இப்போது இது உனக்கு வேண்டாம். குழந்தைக்கு என்ன செய்யும் என்று உறுதியாகத் தெரியாததை நான் கொடுக்க மாட்டேன்.” கோடை முடிகிற சமயம் ஒரு நாள் காலை அவர் தன் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் நடந்தே திரும்பினோம். வழியெல்லாம் புளியம்பூ உதிர்ந்திருந்தது. அதற்கு ஒரு புளித்த மெல்லிய வாசனை உண்டென்று அன்றுதான் கவனித்தேன். இவரிடம் சொன்னேன். குனிந்து ஒரு பூவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா,” என்றார்.