நிறம் மாறிய கோன்கள்

சில ஆண்டுகளுக்கு முன், அருப்புக்கோட்டை - திருச்சுழி சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில் நான் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்தேன். அங்கே நாற்பதாம் நம்பர் நூலைப் பச்சை நுனியுள்ள காகிதக் கோனிலும், அதைவிட மெல்லிய அறுபதாம் நம்பர் நூலை இளஞ்சிவப்பு நுனியுள்ள கோனிலும் சுற்றுவார்கள். சுற்றுபவர் தம் எண் அச்சிட்ட சீட்டைக் கோனுக்குள் ஒட்ட வேண்டும். குறை வந்தால் யார் கை என்று தெரிய வேண்டும் அல்லவா? அம்முறையை வலியுறுத்திக் கொண்டுவந்தவன் நான்.

ஒரு பிற்பகலில் பச்சைக் கோன் தீர்ந்துவிட்டது. எந்திரத்தை நிறுத்த மனமின்றி, திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நாற்பதை இளஞ்சிவப்புக் கோனிலேயே சுற்றச் சொன்னேன்.

“கலந்துராதா சார்?”

“பேக்கிங்ல நான் சொல்லிக்கிறேன்.”

சொல்லவில்லை. மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரத்தில், அறுபதோடு நாற்பது கலந்து துணியில் தடித்த கோடுகள் விழுவதாக ஒரு தறிக்கூடத்திலிருந்து கோன்கள் திரும்பி வந்தன. சீட்டில் இருந்தது அப்பெண்ணின் எண். மேலாளர் விசாரித்தபோது அப்பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “தெரியலைங்க சார்” என்றார். நானும் பேசவில்லை. திங்கட்கிழமை பணிநீக்க உத்தரவு தயாராகும், அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேலாளர்.

அன்று மாலை ஆலை வேன் அருகே மற்றொரு பெண் அப்பெண்ணைப் பிடித்துக்கொண்டது என் காதில் விழுந்தது.

“யக்கா, சுத்தச் சொன்னதே அவுகதான? உள்ள வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

“அவுகளும் அங்கனதான நின்னாக. அவுகளே சொல்லட்டும்டி.”

சனியும் ஞாயிறும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணமின்றிப் பேருந்து நிலையம்வரை நடந்தேன். திருச்சுழி வண்டி புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பேக்கிங்கில் சோதித்திருக்க வேண்டும். பச்சைக் கோன்கள் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். எல்லாம் பொருத்தமான காரணங்கள்தாம். ஒன்றிலும் என் பெயர் இல்லை.

“எறும்புப் புத்துல நின்ன மாதிரி எதுக்கு இப்படி அலையிறீக?” என்றாள் மனைவி. அவளிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மேலாளரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். “சார், இத்தன வருஷத்துல உங்க பேர்ல ஒரு மெமோ கிடையாது. பேக்கிங் தப்புன்னு எழுதி முடிச்சிருவோமே.”

ஆசையாகத்தான் இருந்தது. மறுத்துவிட்டு மெமோவைக் கேட்டு வாங்கினேன். உத்தரவிட்டதும் மறந்ததும் நானே என்று விளக்கத்தில் எழுதுவது கடினமாக இல்லை. விசாரணையில் வாய் மூடி நின்றதை எழுதும்போதுதான் கை நின்றது. அதையும் எழுதினேன்.

அப்பெண் புதன்கிழமை வேலைக்குத் திரும்பினார். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வாரம், பழுதான எந்திரம் ஒன்றின் நூலைத் தம் எந்திரத்தில் ஓட்டும்படி அவரிடம் சொன்னேன்.

“எழுதிக் குடுங்க சார். ஓட்டுறேன்.”

சுற்றியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுதி, கையொப்பமிட்டு, நேரத்தையும் குறித்துக் கொடுத்தேன். அவர் அதை நிதானமாக வாசித்து முடித்த பிறகே எந்திரத்தை ஓட்டினார்.