பூச்சு உரிந்த வெள்ளிக்காசு

சென்ற ஆண்டு ஆடி மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை. இடம், ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிப்பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசும் ஒரு பட்டறை. காசை அங்கே கொடுத்தபோது மணி காலை பதினொன்று பத்து. நான் திரும்பி வந்தபோது இரண்டே முக்கால். இரண்டு நேரங்களையும் நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

எனக்குப் பழங்காலக் கள்ள நாணயங்கள் சேர்க்கும் பழக்கம் உண்டு. நல்ல காசுகளை எல்லோரும் சேர்க்கிறார்கள். எனக்கு ஏமாற்றுக்காரர்களின் கைவேலைதான் பிடிக்கும். ரோமப் பேரரசு காலத்துப் போலி வெள்ளிக்காசு ஒன்றைப் பெங்களூரு கண்காட்சியில் ரசீதோடு வாங்கியிருந்தேன். உள்ளே செம்பு, மேலே மெல்லிய வெள்ளித் தோல். காசிலுள்ள அரசனின் மூக்கருகே வெள்ளி உரிந்து செம்பு எட்டிப் பார்க்கும். விளிம்பில் ஓர் உளி வெட்டு. அந்தக் காலத்தில் யாரோ ஒரு வியாபாரி சந்தேகப்பட்டு வெட்டிப் பார்த்திருக்கிறான்; உள்ளே செம்பைக் கண்டிருக்கிறான். அந்த வெட்டுக்காகவே வாங்கினேன்.

வெள்ளித் தோலின் தடிமனை அளந்து குறித்துவைக்க ஆசை. முலாம் பட்டறையில் அதற்கான கருவி உண்டு. அங்கே சூப்பர்வைசர் என் பள்ளித் தோழன். அப்போது கருவியில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தது. "வெச்சிட்டுப் போடா, மத்தியானம் அளந்து வெக்கிறேன்" என்றான். மேசைமேல் இருந்த தட்டில் வைத்துவிட்டு என் கம்பெனிக்குத் திரும்பினேன்.

மதியம் வந்து பார்த்தால், தட்டில் காசு புதுக் குக்கர் மூடி மாதிரி மின்னிக்கொண்டு கிடக்கிறது. செம்பு எங்கேயும் இல்லை. அரசனுக்கு மூக்கே இல்லை. உளி வெட்டுக்குள்ளும் நிக்கல்.

நான் காசை வைத்தது, குறையுள்ள பாகங்களைச் சரிசெய்யும் ரீவொர்க் மேசை. அங்கே உத்தனப்பள்ளியிலிருந்து வரும் ஓர் அக்கா இருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "பஃபிங் சக்கரத்துல தேய்ச்சி, ஆசிட்ல காட்டி, நிக்கல் ஏத்திட்டேங்க சார். இனிமே உரியவே உரியாது" என்றார், பெருமையாக.

இது எத்தனை நூற்றாண்டு பழையது தெரியுமா, இந்த வெட்டு யார் போட்டது தெரியுமா என்று கத்தினேன். தோழன் ஓடிவந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரெண்டாயிரம் வருசமா ரீவொர்க் ஆகாம கெடந்த பீஸுடா. எங்க அக்கா மூணு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க பாரு!"

அந்தச் சிரிப்புக்கு அவனை அறைந்திருக்க வேண்டும். நான் அக்கா பக்கம் திரும்பினேன். அவரிடம் கத்துவது சுலபமாக இருந்தது. பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "எழுதப் படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியுங்க சார். படிச்சிட்டுத்தான் செஞ்சேன்."

தன் வேலைச்சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து. "பூச்சு உரிந்துள்ளது. உள் செம்பு தெரிகிறது." கீழே தேதி, என் கையொப்பம். நான் உதிரிப்பாகக் கம்பெனியில் ஆய்வுப் பிரிவில் இருப்பவன். அங்கே மிஞ்சும் அட்டைகளைத்தான் என் சேகரிப்பில் எல்லாவற்றுக்கும் கட்டுவேன். எங்கள் ஊரில் சிவப்பு அட்டை கட்டிய பொருளுக்கு ஒரே அர்த்தம்தான்: குறை இருக்கிறது, சரிசெய். நானே நாள் முழுவதும் அப்படி எழுதி அனுப்புகிறவன். ரசனைக்காக எழுதிய குறிப்பு, அந்த மேசையில் உத்தரவாகிவிட்டது.

"அய்யோ தேவுடா, நான் என்னாங்க தப்பு பண்ணேன்?" என்று அவர் சுற்றி நின்றவர்களைக் கேட்டார். நான் தட்டிலிருந்த காசை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். தலை நிமிராமல், "சரிங்க சார், வேலை இருக்குது" என்றார், அவ்வளவுதான்.

காசு போன ஆத்திரம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் சரியாகப் படித்துச் சரியாக வேலை செய்த ஒருவரைப் பார்த்துப் படிக்கத் தெரியாதா என்று கேட்டவன்மேல் இருக்கிற ஆத்திரம்தான், அட்டையில் ஒரு சொல் எழுதும் ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.